பட்டனைப் பார்த்து டயர் வாங்காதீர்கள்

2024 ஜூலை 29 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கின் ஆண்கள் மவுண்டன் பைக் பந்தயம் எலான்கூர் குன்றில் நடந்தது. நகரத்துக்கு மேற்கே இருக்கும் அந்தக் குன்றின் உயரம் 231 மீட்டர்தான். ஆனாலும் பாரிஸ் வட்டாரத்தில் அதைவிட உயரமான இடம் கிடையாது. ஒரு காலத்தில் கல் வெட்டி எடுத்த குவாரி. பிறகு கட்டட இடிபாடுகளைக் கொட்டிக் கொட்டி மேடாகிப்போன நிலம். பந்தயத்துக்காக அதில் பாதை வெட்டி ஜல்லி பரப்பியிருந்தார்கள். பாதை காய்ந்து, இறுகிக் கிடந்தது. நடப்புச் சாம்பியனான பிரிட்டன் வீரர் டாம் பிட்காக் முன்னணியில் போய்க்கொண்டிருந்தபோது அவருடைய முன்டயர் பஞ்சரானது. சக்கரத்தை மாற்றிக்கொண்டு கிளம்புவதற்குள் அரை நிமிடத்துக்கும் மேல் போய்விட்டது. மிச்சமிருந்த சுற்றுகளில் ஒவ்வொருவராகப் பிடித்து, கடைசிச் சுற்றில் பிரான்சின் விக்டர் கொரெட்ஸ்கியை முந்தித் தங்கம் வென்றார். பார்த்தவர்கள் அவருடைய கால் பலத்தைப் பேசினார்கள், அது நியாயம்தான். ஆனால் அன்று கோட்டில் நின்ற ஒவ்வொரு வீரரும் பந்தயம் தொடங்கும் முன்பே ஒரு கேள்விக்கு விடை சொல்லியிருக்க வேண்டும். காய்ந்த, கடினமான, கல் நிறைந்த பாதையில் வேகத்துக்காக டயரை எவ்வளவு மெலிதாக்கலாம்?

பதக்கத்தைப் பற்றிய நினைப்பே இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்பாதையில் சைக்கிள் ஓட்டுகிறவருக்கும் இதே கேள்வி உண்டு. கடைக்குப் போனால் பெரும்பாலோர் முதலில் செய்வது, டயரின் மேல் கட்டைவிரலை ஓட்டி, துருத்தி நிற்கும் ரப்பர் பட்டன்களை அழுத்திப் பார்ப்பது. பட்டன் பெரிதாக இருந்தால் பிடிப்பு, சிறிதாக இருந்தால் வேகம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரிவது அது ஒன்றுதான் என்பதால் இப்படி நடக்கிறது. ஆனால் வறண்ட பாதையில் ஒரு டயர் எவ்வளவு லேசாக உருளும் என்பதைத் தீர்மானிப்பதில் பட்டனுக்கு மூன்றாவது இடமே. முதல் இடம் டயரின் உடலுக்கும் அதன் ரப்பருக்கும். இரண்டாவது இடம் உள்ளே இருக்கும் காற்றின் அளவுக்கு. அந்தக் காற்று காசு கொடுத்து வாங்க வேண்டியதுகூட இல்லை. இதைப் புரிந்துகொண்டால், டயருக்குக் கொடுக்கிற பணமும் காலால் மிதிக்கிற உழைப்பும் இரண்டுமே மிச்சமாகும்.

டயர் தரையைத் தொடும் இடத்தில் அது தட்டையாகிறது. சக்கரம் சுற்றச் சுற்ற ஒவ்வொரு பகுதியும் ஒரு முறை அமுங்கி, மறுபடி நிமிர்கிறது. அமுக்குவதற்குச் செலவழித்த ஆற்றல் முழுவதும் நிமிரும்போது திரும்பி வந்தால் இழப்பே இருக்காது. ஆனால் ரப்பர் அப்படி நாணயமாக நடந்துகொள்வதில்லை. கையிலிருந்து நழுவ விட்ட ரப்பர் பந்து விட்ட உயரத்துக்கே திரும்பி எழும்புவதில்லை அல்லவா, அதேபோல டயரும் வாங்கியதில் ஒரு பங்கை உள்ளேயே வெப்பமாக்கி விழுங்கிவிடுகிறது. அந்த வெப்பம் முழுக்க ஓட்டுகிறவரின் கால்களிலிருந்து வந்தது. தடித்த ரப்பர் அதிகம் விழுங்கும்; மெல்லிய ரப்பர் குறைவாக விழுங்கும். விறைப்பான உடல் அமுங்குவதற்கே முரண்டு பிடிக்கும். துணிபோல் துவளும் உடல் சுலபமாக அமுங்கி எழும். உயரமான பட்டன்கள் தரையில் பதியும்போது ஒவ்வொன்றும் பக்கவாட்டில் நெளிந்து, அதுவும் கொஞ்சம் ஆற்றலைத் தின்னும். ஆக, பட்டனும் குற்றவாளிதான். ஆனால் முதல் குற்றவாளி அல்ல.

இந்த இழப்பை உருளல் எதிர்ப்பு என்கிறார்கள். அதை அளக்கும் எண்ணுக்கு அழகான ஒரு குணம் உண்டு: அதை அப்படியே மேட்டின் சரிவாக வாசிக்கலாம். ஒரு டயரின் எண் இன்னொன்றைவிட 0.004 அதிகம் என்றால், சமதரையிலும்கூட 0.4 சதவீதச் சரிவுள்ள மேட்டில் கூடுதலாக ஏறிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். கிலோமீட்டருக்கு 4 மீட்டர். 30 கிலோமீட்டர் ஓட்டினால் 120 மீட்டர். ஊரில் இல்லாத ஒரு குன்றை நாமே டயரில் கட்டிக்கொண்டு போகிறோம். வாட் கணக்கில் சொல்வதானால், சைக்கிளோடு சேர்த்து 90 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அந்த 0.004 வித்தியாசம் ஏறத்தாழ 18 வாட். 150 வாட் கொடுத்து மிதிக்கிறவருக்கு இது எட்டில் ஒரு பங்கு. கற்பனையான வித்தியாசமும் அல்ல. சக்கரத்தை எஃகு உருளையின் மேல் அழுத்தி, மணிக்கு 29 கிலோமீட்டர் அளவில் ஓட்டிச் செய்யும் சோதனைகளில், வேகமான பந்தய டயர் ஒன்றுக்கு 20 வாட்டுக்கும் குறைவாகச் செலவாகும்; கீழ்நோக்கிப் பாயும் ஓட்டத்துக்காகச் செய்த ஒட்டும் ரப்பர் டயர் 35 வாட்டையும் தாண்டும்.

“நான் பந்தயக்காரன் இல்லையே, எனக்கு எதற்கு இந்த வாட் கணக்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. உண்மை நேர்மாறானது. சாலைப் பந்தய வீரர் மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும்போது அவருடைய பெரிய எதிரி காற்று. வேகம் இரட்டித்தால் காற்றை வெல்லத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகும். மண்பாதையில் 15, 18 கிலோமீட்டரில் போகிறவருக்குக் காற்றின் தடை சிறியது; அவருடைய உழைப்பில் டயர் தின்னும் பங்குதான் பெரியது. மெதுவாகப் போகிறவருக்கே நல்ல டயரின் பலன் அதிகமாகத் தெரியும். இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொன்று எடை. டயர் வாங்குகிறவர்கள் கிராமைத் தராசில் நிறுத்துப் பார்ப்பதில் காட்டும் அக்கறை எனக்கு எப்போதும் இடம் மாறிப்போன அக்கறையாகவே படுகிறது. இரண்டு டயரிலும் சேர்த்து ஒரு கிலோ குறைத்தால், 6 சதவீத மேட்டில் ஏறும் அந்த 90 கிலோக்காரருக்கு மிச்சமாவது ஒரு சதவீதத்துக்குச் சற்று அதிகம். உருளல் எதிர்ப்பில் 0.004 குறைத்தால் அதே மேட்டில் ஐந்து, ஆறு சதவீதம் மிச்சம். மேட்டில்கூட எடையைவிட ரப்பரும் உடலும்தான் முக்கியம்.

டயரின் உடல் என்பது ரப்பரில் தோய்த்த நைலான் நூல் அடுக்கு. ஓர் அங்குலத்தில் எத்தனை நூல் என்பதை டிபிஐ என்று டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள். 120 என்றால் மெல்லிய நூல்கள் நெருக்கமாக, நடுவே ரப்பர் குறைவாக. 60 என்றால் தடித்த நூல்கள், அதிக ரப்பர். முன்னது துவளும், வேகமாக உருளும், பாதையின் மேடுபள்ளத்தை அணைத்துக்கொள்ளும். பின்னது கல்லில் உரசினாலும் கிழியாது. ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிடும்போது இந்த எண் உதவும். வேறு வேறு நிறுவனங்களுக்கு நடுவே ஏமாற்றும். சிலர் ஒரு அடுக்கின் நூலை மட்டும் எண்ணுகிறார்கள். கான்டினென்டல் நிறுவனம் மூன்று அடுக்குகளையும் கூட்டி 180 என்று எழுதுகிறது. அதனால் எண்ணைவிடக் கைதான் நம்பகமான சாட்சி. பக்கச்சுவரை இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்து மடக்கிப் பாருங்கள். மடிந்து கொடுத்தால் அது உருளும் டயர். விறைத்து நின்றால் அது தாங்கும் டயர். பட்டனை அழுத்திப் பார்க்கிற அந்தக் கட்டைவிரலுக்கு இதுவே சரியான வேலை.

அடுத்தது ரப்பரின் குணம். ரப்பரின் கெட்டித்தன்மையை ஷோர் அளவில் சொல்வார்கள்: மவுண்டன் பைக் டயர்களில் 42 என்றால் மிக மென்மை, 60க்கு மேல் என்றால் கெட்டி. மென்மையான, மெதுவாக நிமிரும் ரப்பர் பாறையின் நுண்ணிய சொரசொரப்புக்குள் புகுந்து ஒட்டிக்கொள்ளும். பிடிப்பு தருவது அந்த மந்தம்தான். கால் வலிக்கக் காரணமும் அதே மந்தம்தான். கெட்டியான, சட்டென்று நிமிரும் ரப்பர் வேகமாக ஓடும், நாள்பட உழைக்கும், ஈரப்பாறையில் வழுக்கும். நல்ல டயர் செய்கிறவர்கள் இரண்டையும் கலக்கிறார்கள்: அடியில் கெட்டி ரப்பர், நடுவில் ஓரளவு கெட்டி, ஓரப் பட்டன்களில் மென்மை. வாங்குகிறவருக்குத் தெரிவதற்காகக் குறிகளும் வைத்திருக்கிறார்கள். ஷ்வால்பே நிறுவனத்தின் டயர்களில் வண்ணக் கோடு உண்டு: சிவப்பு வேகத்துக்கு, நீலம் நடுத்தரம், ஆரஞ்சு மென்மை, ஊதா மிக மென்மை. மாக்சிஸ் நிறுவனம் மாக்ஸ்ஸ்பீட், மாக்ஸ்டெரா, மாக்ஸ்கிரிப் என்று பெயரிலேயே வரிசை சொல்லிவிடுகிறது. இதில்தான் பட்டனை நம்பி வாங்குகிறவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஒரே பெயர், ஒரே பட்டன், ஒரே அகலம். ரப்பர் மட்டும் வேறு. உருளைச் சோதனையில் இரண்டும் வேறு வேறு டயர்களாக நடந்துகொள்ளும். ஈரம் அரிதாகவே வரும் வறண்ட நிலத்தில் மிக மென்மையான ரப்பருக்குக் கொடுக்கும் விலை பெரும்பாலும் வீண். காய்ந்த பாறையும் காய்ந்த மண்ணும் நடுத்தர ரப்பருக்கே போதுமான பிடிப்பைத் தந்துவிடும்.

இனி காற்று. டயரைக் கல்லுப்போல் அடித்தால்தான் வேகம் என்ற நம்பிக்கை தார்ச்சாலையிலிருந்து வந்தது. வழவழப்பான தளத்தில் அதில் உண்மை உண்டு. காற்று கூடினால் டயர் குறைவாக அமுங்கும், இழப்பு குறையும். எஃகு உருளைச் சோதனையும் இதையே காட்டும், ஏனென்றால் உருளையில் கல் இல்லை. பாதையில் கல் இருக்கிறது. விறைத்த டயர் ஒரு கல்லில் ஏறும்போது சைக்கிளும் ஆளும் மொத்தமாக மேலே தூக்கப்பட்டு, முன்னோக்கிய வேகத்தில் ஒரு பங்கை இழந்து, மறுபடி கீழே விழ வேண்டியிருக்கிறது. அந்த ஆட்டத்தை உடம்பின் சதைகளும் ஃபோர்க்கும் வாங்கி வெப்பமாக்குகின்றன. காற்று குறைந்த டயர் அதே கல்லைத் தன் வயிற்றுக்குள் வாங்கிக்கொண்டு கடந்துபோகும். ஆள் மேலே எழும்புவதில்லை. கரடுமுரடான தரையில் காற்றைக் குறைக்கக் குறைக்க உருளல் எதிர்ப்பும் குறைகிறது என்று ஷ்வால்பே தன் தொழில்நுட்ப விளக்கங்களில் சொல்கிறது. 1990களில் 2 அங்குல டயரில் 40 பிஎஸ்ஐ அடித்து ஓட்டிய பந்தயக்காரர்கள் இன்று 2.4 அங்குல டயரில் இருபதுகளில் ஓட்டுகிறார்கள். அதற்கும் எல்லை உண்டு. அளவுக்கு மீறிக் குறைத்தால் வளைவில் டயர் நெளியும், கல்லில் ரிம் இடிக்கும். 75 கிலோ எடையுள்ளவர் டியூப்லெஸ் டயரில் பின்னால் 22 முதல் 24, முன்னால் அதைவிட ஒன்றிரண்டு குறைவு என்று தொடங்கி, அங்கிருந்து மேலும் கீழும் நகர்ந்து பார்ப்பது நியாயமான வழி. டியூப் போட்ட டயராக இருந்தால் நான்கைந்து கூட்டிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கி அருகருகே இரண்டு ஓட்டை விழும். வறண்ட நாட்டுக்கே உரிய ஒரு குறிப்பும் இங்கே தேவை. காலையில் 25 டிகிரியில் 22 பிஎஸ்ஐ அடித்த டயர், வெயிலில் நிறுத்தி வைத்து 50 டிகிரிக்குச் சூடானால் 25 காட்டும். அந்த மூன்று பிஎஸ்ஐ, பிடிப்பில் நன்றாகவே தெரியும்.

காற்றைக் குறைக்க வேண்டுமானால் அகலம் வேண்டும். அகன்ற டயர் மெதுவாகத்தான் போகும் என்பது பழைய மறுப்பு. ஒரே உடல், ஒரே ரப்பர், ஒரே காற்று என்றால் அகன்ற டயர் குறைந்த இழப்போடு உருளும், காரணம் அதன் அமுங்கல் குட்டையாகவும் பரந்தும் இருக்கிறது. மவுண்டன் பைக் பிறந்த கதையே அகன்ற டயரின் கதைதான். 1933இல் ஷ்வின் நிறுவனம் அமெரிக்காவில் கனமான ஊர்ச் சைக்கிள்களுக்காகப் பலூன் டயரைக் கொண்டுவந்தது. நாற்பது வருடங்களுக்குப் பிறகு கலிஃபோர்னியாவின் மரின் கவுன்டியில் கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ், சார்லி கெல்லி போன்றவர்கள் அந்தப் பழைய சைக்கிள்களைத் தேடிப் பிடித்துக் காய்ந்த மலைச்சாலைகளில் இறக்கினார்கள். 1976இல் தொடங்கிய ரீபேக் பந்தயம் அப்படிப்பட்ட வறண்ட மண்சாலை ஒன்றில்தான் நடந்தது. மெல்லிய டயர் அங்கே ஒரு வளைவுகூடத் தாண்டியிருக்காது. சக்கரம் முழுச் சுற்றுச் சுற்றி வந்ததுபோல, அண்மை ஆண்டுகளில் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் நடக்கும் அன்பவுண்ட் எனும் 200 மைல் ஜல்லிச்சாலைப் பந்தயத்தில் முன்னணி வீரர்கள் சிலர், மெல்லிய ஜல்லிச்சாலை டயர்களைக் கழற்றிவிட்டு 2.1, 2.2 அங்குல மவுண்டன் பைக் டயர்களை மாட்டுகிறார்கள். நாள் முழுக்க மிதித்து வெல்ல வேண்டியவர்கள் மெதுவான டயரை வேண்டுமென்றே தேர்ந்தெடுக்க மாட்டார்கள்.

இவ்வளவுக்கும் பிறகுதான் பட்டனின் முறை. அதுவும் பாதை எப்படிக் காய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. காய்ந்த பாதை ஒரே வகை அல்ல. மிதிபட்டு இறுகிப்போன களிமண் பாதையில் உயரமான பட்டன் புதைய இடமே இல்லை. அது மேலேயே நின்று நெளியும். நடுவில் தாழ்வான, நெருக்கமான பட்டன்கள் உள்ள டயர் அங்கே வேகத்திலும் பிடிப்பிலும் ஒருசேர வெல்லும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து மோவாபில் இருப்பதுபோன்ற வெற்று மணற்பாறையில் பட்டனைவிடத் தரையைத் தொடும் ரப்பரின் பரப்பே முக்கியம். ஆழமான மணலில் எந்தப் பட்டனும் பெரிதாக உதவாது. அகலமும் குறைந்த காற்றும்தான் டயரை மிதக்க வைக்கும். உண்மையில் சிக்கலானது நான்காவது வகை: இறுகிய தரையின் மேல் ஒரு விரற்கடைக்குப் புழுதியும் பொடிக்கல்லும் உதிரியாகக் கிடக்கும் பாதை. கோடையில் பல நாடுகளின் மலைப்பாதைகள் இந்த நிலைக்குத்தான் வருகின்றன. அதில் நேராகப் போகும்போது எல்லா டயரும் நல்ல டயராகவே தெரியும். வளைவில் சாய்த்தவுடன் உதிரிக்கல்லின் மேல் டயர் உருண்டு வழுக்கும். உதிரியைத் துளைத்துக் கீழே உள்ள கெட்டித் தரையைக் கவ்வக்கூடிய கூரான விளிம்புள்ள ஓரப் பட்டன்கள் இல்லையென்றால் விழுவது நிச்சயம். “காய்ந்த பாதைதானே, மொட்டை டயரே போதும்” என்ற வாதம் உடைவது இந்த இடத்தில். நடுப்பட்டன் தாழ்ந்திருக்கலாம், ஓரப்பட்டன் தாழக் கூடாது.

வேகத்தையும் பிடிப்பையும் ஒரே டயரில் தேடுவதைவிட இரண்டு டயர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது புத்திசாலித்தனம் என்பது இதிலிருந்து வருகிறது. உட்கார்ந்து மிதிக்கும்போது எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் பின்சக்கரத்தின் மேல் இருக்கிறது. உருளல் இழப்பு எடைக்கு ஏற்பக் கூடுவதால், வேகமான டயரிலிருந்து கிடைக்கும் மிச்சத்தின் பெரிய பங்கு பின்னாலேயே கிடைத்துவிடுகிறது. பின்சக்கரம் வழுக்கினால் சைக்கிள் ஆடும்; பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன்சக்கரம் வழுக்கினால் ஆள் மண்ணில். இறக்கத்தில் பிரேக்கின் பளுவும் முன்சக்கரத்தின் மேல்தான் விழுகிறது. ஆகவே பின்னால் வேகம், முன்னால் பிடிப்பு. தயாரிப்பாளர்களே இந்தப் பாகுபாட்டை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்: ஷ்வால்பே தன் பந்தய டயரை முன்னுக்கு ரேசிங் ரே, பின்னுக்கு ரேசிங் ரால்ஃப் என்று இரண்டாகவே பிரித்து விற்கிறது. மாக்சிஸில் பின்னால் ஆஸ்பென் அல்லது ரீகான் ரேஸ், முன்னால் ஓரப்பட்டன் பெரிதான ரீகான் என்பது வறண்ட பாதைக்கு நல்ல இணை. பின்னால் ஷ்வால்பே தண்டர் பர்ட் அல்லது கான்டினென்டல் ரேஸ் கிங் போட்டுக்கொண்டு முன்னால் ஒரு படி கனமானதைப் போடுவதும் அப்படியே.

உலகக் கோப்பைப் பந்தயங்களில் முன்னும் பின்னும் ஒரே வேக டயரைப் போடுகிறார்களே என்று கேட்கலாம். போடுகிறார்கள். அவர்கள் ஒவ்வொரு வளைவையும் பந்தயத்துக்கு முன்னால் பலமுறை ஓட்டிப் பார்த்து, எங்கே வழுக்கும் என்று மனப்பாடம் செய்தவர்கள். சுற்றுவழியில் உதவிக்கு ஆளும் மாற்றுச் சக்கரமும் காத்திருக்கின்றன. பிட்காக்கால் அவ்வளவு விரைவாக மீண்டும் கிளம்ப முடிந்தது அதனால்தான். தெரியாத பாதையில் தனியாகப் போகிறவருக்கு அந்த வசதி இல்லை. எதிர்த்திசையிலிருந்தும் ஒரு மறுப்பு வரும்: பின்டயரில் பட்டன் குறைந்தால் செங்குத்தான உதிரி மேட்டில் சக்கரம் சும்மா சுற்றுமே? சுற்றும். உட்கார்ந்தபடியே, எடையைப் பின்னால் வைத்து, ஒரே சீராக மிதிப்பதால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதியைத் தீர்க்க முடியாத பாதைகளும் உண்டு. வழி முழுக்கச் செங்குத்தான உதிரி மேடும் இறக்கமும்தான் என்றால் பின்னாலும் நடுத்தர டயர் போடுங்கள், வேகத்தை விட்டுக்கொடுங்கள். அப்படிப்பட்ட பாதைகளில் நேரத்தை இழப்பது உருளலில் அல்ல, இறங்கி நடப்பதில்.

கனமான மறுப்பு பஞ்சர். வேகத்தைத் தரும் அதே மெல்லிய உடல்தான் கல்லில் கிழிகிறது. இதற்கு மழுப்பலான பதில் கூடாது. தென்னாப்பிரிக்காவின் கேப் எபிக், 2004 முதல் நடந்துவரும் எட்டு நாள் பந்தயம். மேற்குக் கேப் மாகாணத்தின் வறண்ட கல்பாதைகளில் இருவர் இருவராக ஓட்டுவது. பக்கச்சுவர் கிழிந்து பந்தயத்தை இழப்பது அங்கே எல்லோரும் அஞ்சுகிற விஷயம். அதனால் சில வாட்டுகளை விட்டுக்கொடுத்துப் பக்கச்சுவரில் கூடுதல் அடுக்குள்ள டயரைத் தேர்ந்தெடுப்பது அங்கே சாதாரணம். கூரிய கல் நிறைந்த வழியில் நாமும் அதையே செய்ய வேண்டும். முட்களுக்கு வேறு மருந்து இருக்கிறது. அமெரிக்காவின் தென்மேற்கு வறள்நிலங்களில் மவுண்டன் பைக்காரர்களை வாட்டும் முள் வேறெதுவும் இல்லை, நம் நெருஞ்சிதான். பழைய உலகத்திலிருந்து அங்கே போய்ப் பரவிய களை அது. பதிலுக்கு அமெரிக்கக் கண்டத்திலிருந்து இங்கே வந்த சீமைக் கருவேலம் நம் சைக்கிள் டயர்களைத் துளைத்துக்கொண்டிருக்கிறது. இத்தகைய சிறு துளைகளை டியூப்லெஸ் டயருக்குள் ஊற்றும் லேட்டக்ஸ் திரவமான சீலன்ட் ஓடும்போதே அடைத்துவிடுகிறது. 1999இல் மாவிக் நிறுவனம் யுஎஸ்டி என்ற பெயரில் மவுண்டன் பைக்குக்கு டியூப்லெஸ் முறையைக் கொண்டுவந்த பிறகுதான் குறைந்த காற்றும் மெல்லிய உடலும் பொதுமக்களுக்கும் சாத்தியமாயின. டியூப் இல்லாததால் அதன் உரசலும் இழப்பும்கூட மிச்சம். ஆனால் சீலன்ட் காய்ந்துபோகும். வெயில் காய்ச்சும் ஊரில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை திறந்து பார்க்காவிட்டால் உள்ளே உலர்ந்த ஏடுதான் இருக்கும், காப்பு இருக்காது.

நம் ஊர்க் கடைகளில் எம்டிபி, அதாவது மவுண்டன் பைக், என்று விற்கும் சைக்கிள்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றில் பல தடித்த உடலும் உயரமான பட்டனும் கொண்ட டயரோடு வருகின்றன; பெரும்பாலும் தார்ச்சாலையில், பள்ளிக்கும் கடைக்குமாக ஓடுகின்றன. பையன் மூச்சிரைக்க மிதிப்பதற்குக் கியரைக் குறை சொல்கிறோம். டயரைப் பார்ப்பதில்லை. சாலையும் காய்ந்த மண்ணுமாக ஓடும் சைக்கிளுக்கு நடுவில் தாழ்ந்த, இடைவெளி இல்லாத பட்டன் உள்ள டயர் போதும். ஆயிரக்கணக்கில் செலவழித்துப் புதுச் சைக்கிள் வாங்குவதைவிட அந்த ஒரு மாற்றம் அதிக வேகம் தரும்.

செலவைப் பற்றிய கவலையும் நியாயமானதே. நல்ல வெளிநாட்டு டயர் ஒன்று பல ஆயிரம் ரூபாய். வறண்ட கல்பாதை அதை அரத்தால் ராவுவதுபோலத் தேய்க்கும், பின்டயரைக் கூடுதல் வேகத்தில். அதனால் ஜோடியாக வாங்கும் பழக்கத்தை விடுங்கள். பின்டயர் தேய்ந்தபோது அதை மட்டும், உடல் துவளும், ரப்பர் நடுத்தரமான, நடுப்பட்டன் தாழ்ந்த ஒன்றாக மாற்றுங்கள். முன்டயர் ஓரப்பட்டன் கூர்மையாக இருக்கும்வரை இருக்கட்டும். அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. சரியாகக் காட்டும் அழுத்தமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், டயரின் விலையில் சிறு பங்குதான். இப்போது ஓட்டும் டயரிலேயே காற்றை இரண்டு பிஎஸ்ஐ குறைத்து, வழக்கமான பாதையில் ஒரு நாள் போய் வாருங்கள். ரிம் இடிக்கவில்லை, வளைவில் நெளியவில்லை என்றால் இன்னும் ஒன்று குறையுங்கள். உங்கள் எடைக்கும் உங்கள் பாதைக்கும் சரியான எண் கிடைத்ததும் அதை எழுதி வையுங்கள். புது டயர் வாங்கும் நாளில் கடைக்காரரிடம் அந்த எண்ணோடு போய்ப் பேசுங்கள்.